எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடுதல்

அகராதியைத் திறந்தால் எந்தச் சொல்லும் கிடைத்துவிடும் என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. தேடுகிறவருக்குச் சொல்லின் முதலெழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். முதலெழுத்தும் அதையடுத்த எழுத்தும் தெரிந்தவருக்கு அகராதி அகன்ற ராஜபாட்டை. சொல்லின் நடுவில் நிற்கும் ஓர் எழுத்தை மட்டும் அறிந்தவருக்கும், ஈற்றெழுத்தை மட்டும் அறிந்தவருக்கும் அது கதவடைத்த மாளிகை. உள்ளே செல்வம் குவிந்திருக்கிறது என்பது தெரியும். எடுக்கத்தான் வழி இராது.

ஆங்கிலச் சொல் விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த அடைத்த கதவுக்கு முன்னேதான் நம்மை நிறுத்துகின்றன. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வோர்ல்டு' என்னும் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட சொற்புதிரே இன்றைய குறுக்கெழுத்துப் புதிருக்கு முன்னோடி. குறுக்கே செல்லும் சொற்களின் உதவியால் அதில் ஒரு சொல்லின் மூன்றாம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் நமக்குக் கிடைக்கும். முதலெழுத்து மறைந்தே நிற்கும். 1948இல் பெயர் சூட்டப்பெற்ற 'ஸ்கிராபில்' விளையாட்டில் ஏழு எழுத்துச் சில்லுகள் கைக்கு வரும். அவை எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். 2021இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'வேர்டில்' விளையாட்டிலோ, இந்த எழுத்து உண்டு, இந்த எழுத்து இல்லை, இந்த எழுத்து தனக்குரிய இடத்தில் நிற்கிறது என்னும் செய்தி மட்டுமே கிடைக்கும்.

இவ்விளையாட்டுகளில் வெல்வதற்குப் பெரிய சொற்செல்வம் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். சொற்செல்வம் வேண்டியதுதான். ஆயினும் பல்லாயிரம் சொற்களை அறிந்த பேராசிரியர் ஒருவர், கையில் கியூ என்னும் ஓரெழுத்தை வைத்துக்கொண்டு விழித்திருக்க, பள்ளிச் சிறுவன் ஒருவன் நான்கு சொற்களை அடுக்கிவிடுவதும் உண்டு. காரணம், அச்சிறுவன் எழுத்துகளின் இயல்பை அறிந்திருக்கிறான். எந்த எழுத்து அடிக்கடி வரும், எது சொல்லின் முதலில் நிற்கும், எது இறுதியில் நிற்காது, எது எந்தத் துணையோடு வரும் என்னும் இவைதாம் அடைத்த கதவுக்குரிய திறவுகோல்கள். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இந்த நோக்கு தமிழருக்குப் புதியதன்று. சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்றும், இறுதியில் வரும் எழுத்துகள் 24 என்றும் நன்னூல் வரையறுத்துச் சொல்கிறது. எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்பதையும் நம் இலக்கணம் விதித்திருக்கிறது. செய்யுள் இயற்றுவோருக்கு எதுகை வேண்டும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும். முதலெழுத்து வரிசையில் அமைந்த அகராதி அவர்களுக்குப் பயன்படாது. ஆகவே வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது, பெயர், பொருள், தொகை என்னும் மூன்று பகுதிகளோடு நில்லாமல், எதுகை நோக்கிச் சொற்களைத் திரட்டிய தொடை என்னும் நான்காம் பகுதியையும் வைத்தார். கேள்வி வேறானால் சொற்களை அடுக்கும் முறையும் வேறாகவேண்டும் என்னும் உண்மை அதில் அடங்கியிருக்கிறது. ஆங்கிலச் சொல் விளையாட்டுக்காரர் செய்வதும் இதுதான். அவர் தம் மனத்துள்ளே அகராதியை வேறு வரிசையில் அடுக்கிக்கொள்கிறார்.

முதல் திறவுகோல், எழுத்துகளின் வருகைக் கணக்கு. ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துகள் 26. அவை யாவும் சம அளவில் உழைப்பவை அல்ல. ஈ என்னும் எழுத்து ஏறத்தாழ எட்டெழுத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். கியூவும் இசட்டும் பக்கக்கணக்கில் தலைகாட்டாமலே இருந்துவிடும். தந்திக் குறியீட்டை அமைத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். ஈ எழுத்துக்கு ஒரே புள்ளி. டீ எழுத்துக்கு ஒரே கோடு. கியூவுக்கோ கோடு, கோடு, புள்ளி, கோடு என நான்கு தட்டு. அடிக்கடி வருபவனுக்குக் குறுகிய வழி, அரிதாக வருபவனுக்கு நீண்ட வழி என்பது அவர்கள் கண்ட சிக்கனம்.

இதே கணக்கை விளையாட்டாக மாற்றியவர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். பொருளாதார மந்தத்தின்போது, 1931இல், அவர் வேலை இழந்தார். கட்டடம் எழுப்புவோர் இல்லாத காலத்தில் அவர் சொற்களை எழுப்பும் விளையாட்டொன்றைச் சிந்தித்தார். 'நியூயார்க் டைம்ஸ்' முதலிய செய்தித்தாள்களின் பக்கங்களை விரித்துவைத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். பல ஆண்டுகள் அந்த விளையாட்டை வாங்குவார் இல்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் அதனை ஏற்று, ஸ்கிராபில் எனப் பெயரிட்டு, விற்பனைக்குக் கொண்டுவந்தார். பட்ஸ் எண்ணிய எண்ணிக்கை இன்றும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 சில்லுகளில் ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8. கே, ஜே, எக்ஸ், கியூ, இசட் ஆகியவை ஒவ்வொன்று. எழுத்தில்லாத வெற்றுச் சில்லுகள் இரண்டு. அவற்றை எந்த எழுத்தாகவும் கொள்ளலாம். ஈ எழுத்தின் மதிப்பு 1. கியூவுக்கும் இசட்டுக்கும் 10.

இந்தக் கணக்கில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. ஓடும் உரைநடையில் எச் என்னும் எழுத்து நூற்றுக்கு ஆறு அளவில் வரும். பெட்டியிலோ அதற்கு இரண்டே சில்லுகள். ஏன்? உரைநடையில் 'தி', 'தட்', 'ஹி', 'ஹிஸ்', 'ஹேவ்' என்னும் சில சிறு சொற்களே மீண்டும் மீண்டும் வந்து எச் எழுத்தின் கணக்கை உயர்த்திவிடுகின்றன. விளையாட்டில் 'தி' என்னும் சொல் ஒரு சொல்தான். பேச்சில் அடிக்கடி வருவது ஒன்று. பல சொற்களில் வருவது மற்றொன்று. சொல்லைத் தேடுகிறவர் இரண்டாவது கணக்கையே நம்பவேண்டும். எஸ் எழுத்தின் நிலை இதற்கு மறுதலை. அது ஏராளமான சொற்களில் வருவது. பெயர்ச்சொல்லின் ஈற்றில் சேர்த்தால் பன்மையாகிவிடும். அவ்வாறு எளிதில் எண்ணைக் குவித்துவிடக் கூடாதென்றே பட்ஸ் அதனை நான்காகக் குறைத்து வைத்தார்.

எழுத்துகளின் வருகையை எண்ணும் கலை விளையாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டா. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி என்னும் அறிஞர், மறைமொழியில் எழுதிய ஓலையை எழுத்தெண்ணிப் படிக்கும் முறையை எழுதிவைத்தார். 1942 ஜனவரியில் இலண்டன் 'டெய்லி டெலிகிராப்' செய்தித்தாள் தன் அலுவலகத்தில் 12 நிமிடங்களுக்குள் குறுக்கெழுத்துப் புதிரை முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. பங்குகொண்டோருள் சிலருக்குப் பின்னர் அரசாங்கத்திலிருந்து இரகசிய அழைப்பு வந்தது. அவர்கள் பிளெட்ச்லி பார்க்குக்குச் சென்று, பகைவரின் மறைமொழியை உடைக்கும் பணியில் சேர்ந்தார்கள். மறைந்துள்ள சொல்லை எழுத்தின் சுவடு பற்றிக் காணும் பயிற்சி, நாடு காக்கும் வேலைக்கும் உதவியது.

இரண்டாம் திறவுகோல், எழுத்து நிற்கும் இடமும் அதன் துணையும். ஆங்கில எழுத்துக்கூட்டல் நம் மாணவரை நெடுங்காலமாக அச்சுறுத்தி வருவது. அதில் ஒழுங்கே இல்லை என்று சலித்துக்கொள்கிறோம். அரிய எழுத்துகளைத் தேடப் புகுந்தால், அந்த ஒழுங்கின்மைக்கு உள்ளே வரலாறு என்னும் ஒழுங்கு இருப்பது தெரியவரும்.

கியூவை எடுத்துக்கொள்வோம். அதை யூ என்னும் எழுத்து நிழல்போலத் தொடரும் என்பது பள்ளிப் பாடம். பழைய ஆங்கிலத்தில் அரசியைக் குறிக்கும் 'குவீன்' என்னும் சொல்லில் கியூவே இல்லை. சி, டபிள்யூ என்னும் எழுத்துகளைக் கொண்டே அதை எழுதினார்கள். 1066இல் நார்மன் மன்னர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழக்கில் பயின்ற எழுத்தர்கள் அந்த இடத்தில் கியூவையும் யூவையும் இட்டார்கள். ஆகவே ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் இவ்விரண்டும் பிரியா. இதை அறிந்தால் தேடும் இடங்களும் தெளிவாகும். சொல்லின் முதலில் தேடினால் குவிக், குவீன், குவையட். எஸ் எழுத்துக்குப் பின் தேடினால் ஸ்குவேர், ஸ்குவாட். ஈ எழுத்துக்குப் பின் தேடினால் ஈக்குவல், ரிக்குவெஸ்ட். ஈற்றில் தேடினால் பிரெஞ்சு வழியாக வந்த யுனீக், ஆன்டிக், டெக்னிக் போன்றவை; இவை கியூ, யூ, ஈ என்னும் மூன்றெழுத்தோடு முடியும்.

கையில் கியூ இருந்து, யூ இல்லாவிட்டால் என்செய்வது? அப்போது கிழக்கே திரும்பவேண்டும். அரபு மொழியில் அடித்தொண்டையிற் பிறக்கும் ககரம் ஒன்று உண்டு. அதனை ஆங்கிலத்தில் எழுதும்போது துணையில்லாத கியூவைக் கொண்டு குறிக்கிறார்கள். பக்கீரைக் குறிக்கும் 'ஃபகீர்', முகத்திரையைக் குறிக்கும் 'நிகாப்', உடல் மூடும் அங்கியாகிய 'புர்கா', மணவிலக்காகிய 'தலாக்', நிலத்தடி நீர்க்கால்வாயாகிய 'கனாத்', மெல்லும் இலையாகிய 'காத்' ஆகிய இவையெல்லாம் யூவின் துணையின்றியே கியூவை ஏற்கும். சீனத்திலிருந்து வந்த, உயிர்விசையைக் குறிக்கும் 'சி' என்னும் ஈரெழுத்துச் சொல் கியூவும் ஐயும் சேர்ந்தது. விளையாட்டுக்காரர்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம்.

ஜே எழுத்தின் கதையும் சுவையானது. அது முன்னாளில் ஐ எழுத்தின் வேற்று வடிவமாகவே இருந்தது. தனியெழுத்தாக நிலைபெற்றது பிற்காலத்தில்தான். சொல்லின் நடுவில் அதைத் தேடுவோர் முன்னொட்டுகளுக்குப் பின்னே தேடவேண்டும். எறிதல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரொன்று, ஒவ்வொரு முன்னொட்டோடும் சேர்ந்து ஒரு குடும்பமாகப் பெருகியிருக்கிறது: ஆப்ஜெக்ட், சப்ஜெக்ட், ரிஜெக்ட், இன்ஜெக்ட், எஜெக்ட், புரொஜெக்ட். ஒரு வேரைப் பிடித்தால் ஆறு சொற்கள் கைக்கு வருகின்றன. சொல்லின் ஈற்றில் ஜே நிற்பது ஆங்கிலத்துக்கு இயல்பன்று. அங்ஙனம் நிற்கும் சொற்களைத் தேடினால் நம் நாட்டு வாசலுக்கே வந்து சேர்கிறோம். ஆட்சியைக் குறிக்கும் 'ராஜ்', மகுடத்தைக் குறிக்கும் 'தாஜ்', தன்னாட்சியைக் குறிக்கும் 'சுவராஜ்' ஆகியவை ஆங்கில அகராதியில் இடம்பெற்றவை. ஆண்டவர்களின் சொல்லும், அவ்வாட்சியை எதிர்த்து 1909இல் காந்தியடிகள் தம் நூலுக்குத் தலைப்பாக வைத்த சொல்லும், ஒரே அரிய எழுத்தில் முடிந்து ஒரே பட்டியலில் நிற்கின்றன.

வி என்னும் எழுத்தும் ஈற்றில் தனியே நிற்பதற்குத் தயங்கும். பழங்காலக் கையெழுத்தில் யூவுக்கும் வீக்கும் வடிவ வேற்றுமை இல்லை. படிப்போர் மயங்காமலிருக்க ஈற்றில் ஈ ஒன்றைச் சேர்த்தனர். ஹேவ், கிவ், லவ் என்னும் சொற்களின் ஈற்றில் ஒலியாத ஈ நிற்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. வி எழுத்தைக் கையில் வைத்திருப்பவர், ஈயையும் பக்கத்தில் வைத்துத் தேடுவது நலம்.

எக்ஸ் எழுத்து முதலில் நிற்பது அரிது. நிற்குமாயின் பெரும்பாலும் கிரேக்கச் சொல். ஈ எழுத்தை முன்னிட்டு இரண்டாம் இடத்தில் நிற்பது மிகுதி: எக்ஸாம், எக்ஸிட், எக்ஸ்ட்ரா. ஈற்றில் உயிரெழுத்துக்குப் பின் நிற்பது அதனினும் எளிது: பாக்ஸ், ஃபாக்ஸ், டாக்ஸ், சிக்ஸ். உயிரெழுத்தே இல்லாமல் மெய்களாகக் குவிந்துவிட்டால், கிரேக்கத்தின் வழியில் ஒய் எழுத்து உயிராக நின்று உதவும்: ரிதம், மித், ஹிம், கிரிப்ட், லிங்க்ஸ். ஒய்யும் இல்லையெனில் வேல்ஸ் நாட்டை நாடலாம். பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'கூம்' என்னும் அந்நாட்டுச் சொல் சி, டபிள்யூ, எம் என்னும் மூன்றெழுத்தால் ஆனது. இங்கே டபிள்யூ உயிராகி நிற்கிறது.

இவற்றால் அறிவது என்ன? அரிய எழுத்து எங்கே இருக்கிறதோ, அங்கே பெரும்பாலும் வேற்றுமொழியின் வருகை இருக்கிறது. எழுத்தைத் தேடிப் போனவர் வரலாற்றைக் கண்டுகொண்டு திரும்புகிறார்.

மூன்றாம் திறவுகோல், எழுத்துகளைக் கலைத்து அடுக்கும் முறை. ஏழு வெவ்வேறு எழுத்துகளை 5040 வகையாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றையும் முயன்று பார்ப்பது மனிதரால் ஆகக்கூடியதன்று. ஆகவே முதலில் ஒட்டுகளைப் பிரித்து ஒருபுறம் வைக்கவேண்டும். கையில் ஏ, ஈ, ஐ, என், பீ, ஆர், டீ என்னும் ஏழு இருப்பதாகக் கொள்வோம். ஈயும் ஆரும் சேர்ந்தால் செய்பவனைக் குறிக்கும் பின்னொட்டு. அவற்றை வலப்புறம் ஒதுக்கினால் எஞ்சியவை ஐந்து. 5040 இப்போது 120 ஆகச் சுருங்கியது. அந்த ஐந்தில் 'பெயின்ட்' என்னும் சொல் எளிதிற் புலப்படும். ஒதுக்கியதைச் சேர்த்தால் 'பெயின்டர்'. அதே ஆரையும் ஈயையும் இடம் மாற்றி இடப்புறம் வைத்தால், மீண்டும் என்னும் பொருள் தரும் முன்னொட்டு. 'ரீபெயின்ட்' என்பது கிடைக்கும். இதே ஏழெழுத்தில் 'பெர்டெயின்' என்னும் மூன்றாம் சொல்லும் ஒளிந்திருக்கிறது. ஏழு சில்லுகளையும் ஒருங்கே பலகையில் வைப்பவருக்கு ஸ்கிராபிலில் 50 எண் மிகையாகக் கிடைக்கும்.

தேர்ந்தவர்கள் இன்னொரு முறையைக் கையாளுகிறார்கள். கைக்கு வந்த எழுத்துகளை உடனே நெடுங்கணக்கு வரிசையில் அடுக்கிவிடுவார்கள். 'ஸ்டாப்' என்னும் சொல்லை அவ்வாறு அடுக்கினால் ஓ, பீ, எஸ், டீ என்றாகும். 'போஸ்ட்', 'ஸ்பாட்', 'பாட்ஸ்', 'டாப்ஸ்', 'ஆப்ட்ஸ்' என்னும் ஐந்தையும் அடுக்கிப் பாருங்கள். அதே ஓ, பீ, எஸ், டீதான் வரும். எனவே அந்த நான்கெழுத்து வரிசை ஒரு தாழ். ஆறு சொற்களும் அதன் உள்ளே இருப்பவை. அவ்வரிசையைக் கண்டவுடன் ஆறும் நினைவுக்கு வரும்படி பழகிக்கொண்டவர், மற்றவர் சில்லுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்தை முடித்துவிடுகிறார். முதலெழுத்து வரிசையில் இருந்த அகராதியை அவர் எழுத்துக் கூட்டங்களின் வரிசையில் மாற்றி எழுதிக்கொண்டார் என்று சொல்லலாம்.

நான்காம் திறவுகோல், விலக்கும் கலை. வேர்டில் விளையாட்டில் ஐந்தெழுத்துச் சொல்லொன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டுபிடிக்கவேண்டும். ஜோஷ் வார்டில் என்பவர் அமைத்த இதனை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. இதில் இரண்டாம் எழுத்து முதல் ஐந்தாம் எழுத்து வரை ஐ, ஜி, எச், டீ என்று தெரிந்துவிட்டதாகக் கொள்வோம். முதலெழுத்து ஒன்றுதானே தெரியவேண்டும் என்று மகிழ்வோம். மகிழ்ச்சி பொறுக்க. எயிட், ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட் என்று பழகிய சொற்களே எட்டு உள்ளன. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனால் முயற்சிகள் தீர்ந்துவிடும். அறிந்தவர் அவ்வெட்டில் ஒன்றையும் சொல்லாமல் 'ஃபிலிம்ஸ்' என்று எழுதுவார். அதில் எஃப், எல், எம், எஸ் நான்கும் உள்ளன. அவற்றுள் ஒன்று உண்டெனத் தெரிந்தால் விடை வந்தது. நான்கும் இல்லையெனில் எஞ்சியவை நான்கு. அப்போது புதைத்தல் என்னும் பொருளுள்ள 'இன்டர்' என்று எழுதுவார். அதில் ஈ, என், ஆர் மூன்றும் உள்ளன. மூன்றும் இல்லையென்றால் விடை 'டைட்'. இரண்டே கேள்விகளில் எட்டும் பிரிந்தன. சரியான விடையைச் சொல்ல விரைபவர் தோற்க, நல்ல கேள்வியைக் கேட்பவர் வெல்கிறார்.

விலக்கும் கலையில் சில்லுகளின் எண்ணிக்கையும் உதவும். ஆரவாரக் கவர்ச்சியைக் குறிக்கும் 'பிசாஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் இசட் நான்கு. பெட்டியில் இசட் ஒன்று, வெற்றுச் சில்லுகள் இரண்டு, கூட்டினால் மூன்றே. எனவே அச்சொல் அகராதியில் இருந்தும் ஆங்கில ஸ்கிராபில் பலகையில் ஒருநாளும் ஏறாது. சிறு அலங்காரப் பொருளைக் குறிக்கும் 'நிக்நாக்' என்பதை இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதினால் கே நான்கு. அதற்கும் அதே கதி.

இனி, இவ்வளவு முயற்சியும் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். இன்று கணிப்பொறியிடம் 'மூன்றாம் எழுத்து எக்ஸ், மொத்தம் ஐந்தெழுத்து' என்று சொன்னால், கண் இமைக்கும் நேரத்தில் டாக்சிக், மாக்சிம், பிக்செல், சிக்ஸ்த் என்று அடுக்கிவிடும். போட்டிகளுக்கென்றே தொகுத்த சொற்பட்டியல்களும் உள்ளன. வட அமெரிக்காவில் ஆட்டக்காரர்களுக்கான அகராதி 1978இல் வெளிவந்தது. பிற நாடுகளில் பெரிதும் வழங்கும் காலின்ஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள் உள்ளன. அப்பட்டியலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 127. போட்டிப் பட்டியல்களில் சொற்களுக்குப் பொருள் எழுதுவதில்லை. இச்சொல் செல்லும், இச்சொல் செல்லாது என்பதே அங்கு வேண்டும் செய்தி.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் வருகிறது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் நியூசிலாந்தைச் சேர்ந்தவர். ஆங்கில ஸ்கிராபிலில் பலமுறை உலக வாகை சூடியவர். 2015இல் அவர் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் பிரெஞ்சுச் சொற்பட்டியலை நினைவில் பதித்துக்கொண்டே அவர் அரங்கேறினார். 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் அவ்வாறே வென்றார். வியக்கத்தக்க ஆற்றல் இது, இதில் ஐயமில்லை. ஆயினும், அவர் வென்ற அந்தச் சொற்களால் பாரிஸ் நகரத்துக் கடையொன்றில் ஒரு ரொட்டி கேட்டு வாங்க முடியுமா? எழுத்தாக அறிந்த சொல் வேறு; பொருளாக அறிந்த சொல் வேறு. ஒன்று பலகையில் எண்ணைப் பெற்றுத் தரும். மற்றொன்று மனிதரோடு உறவைப் பெற்றுத் தரும்.

வாகை சூடுவோருக்கு முதலாவது போதும். பொழுதுபோக்காக விளையாடி, அதனூடே ஒரு மொழியையும் கற்க விரும்பும் நமக்கு இரண்டும் வேண்டும். அதற்கு எளிய வழியொன்று உண்டு. சிறு குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முதலெழுத்து வரிசையில் எழுதவேண்டா. கியூவுக்கு ஒரு பக்கம், ஜேக்கு ஒரு பக்கம், எக்ஸுக்கு ஒரு பக்கம், உயிரில்லாச் சொற்களுக்கு ஒரு பக்கம், ஈரெழுத்துச் சொற்களுக்கு ஒரு பக்கம் என ஒதுக்குங்கள். ஒவ்வொரு சொல்லின் எதிரிலும் அதன் பொருளையும் அது பிறந்த மொழியையும் ஒரே வரியில் எழுதுங்கள். வெறும் எழுத்தாக மனனம் செய்தது பயிற்சி நின்றால் மங்கிவிடும். கதையோடு வந்தது மங்குவதில்லை. பாலைநிலத்தின் அடியில் நீர் ஓடும் கால்வாயை ஒருமுறை மனத்தில் கண்டவருக்கு, 'கனாத்' என்னும் சொல்லும் அதன் தனித்த கியூவும் பின்னர் மறப்பதில்லை.

அவ்வாறு எழுதிக்கொண்டு வரும்போது நம் வீட்டுச் சொற்களும் அந்தக் குறிப்பேட்டில் வந்து அமரும். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. ஒன்பதெழுத்துள்ள அச்சொல்லில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு ஏ எழுத்துகள் நிற்கின்றன. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. சரியாக ஏழெழுத்து, ஐம்பது எண்ணைத் தரவல்லது. மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆகிப் பன்னிரண்டு எழுத்தோடு நீண்டு கிடக்கிறது. கடலோடிகளும் வணிகரும் சமையற்காரரும் கொண்டுபோய்ச் சேர்த்த சொற்கள் இவை. ஆங்கிலம் தனக்கு வேண்டிய சொல்லை எங்கிருந்தும் எடுத்துக்கொண்டது. எடுத்த இடத்தின் அடையாளத்தை எழுத்திலே விட்டுவைத்திருக்கிறது.

ஆகையால், கையில் ஓர் அரிய எழுத்து வந்து அகப்பட்டால் கலங்கவேண்டா. அது எந்த நாட்டிலிருந்து வந்திருக்கும், யாரைத் துணையாகக் கொள்ளும், எங்கே நிற்க விரும்பும் என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால் சொல் தானே வரும். சொல் வந்தபின் அதன் பொருளையும் கேட்டுவிட்டுப் பலகையில் வையுங்கள்.